அண்ணன் திருத்திய சுரம்

என் அண்ணன் ஹரிகிருஷ்ணன் இறந்தபோது அப்பா நாளிதழில் நான்கு வரி அறிவிப்புக் கொடுத்தார். பெயர், தகப்பன் பெயர், வயது முப்பத்து நான்கு, அப்புறம் 'கிடார் ஆசிரியர்'. அண்ணன் உயிரோடு இருந்தவரை, பையன் என்ன பண்றான் என்று யார் கேட்டாலும் "பிரைவேட்ல இருக்கான்" என்பதுதான் அப்பாவின் பதில். கிடார் என்ற சொல்லை அவர் தன் கையால் எழுத மகன் சாக வேண்டியிருந்தது.

அப்படி எழுதியதும் முழு உண்மை இல்லை. ஆசிரியர் ஆவதற்கு முன்னால் ஆறு வருடம் அவன் வேறொன்றாக இருந்தான். அதை அறிந்தவர்கள் அதிகம் பேர் இல்லை.

அப்பா லட்சுமணன் கல்பாக்கம் அணுசக்தி வளாகத்தில் டெக்னீஷியன். அளவுமானிகளைச் சரிபார்க்கும் பிரிவு. அழுத்தமானியோ வெப்பமானியோ, எதுவானாலும் குறிப்பிட்ட காலத்துக்கு ஒரு முறை அவர் மேசைக்கு வந்தாக வேண்டும். மேசையில், அளவு தப்பாது என்று சான்று பெற்ற நிர்ணயமானி ஒன்று நிரந்தரமாக இருக்கும். இரண்டையும் ஒரே குழாயில் மாட்டி, ஒன்று எவ்வளவு காட்டுகிறது, மற்றது எவ்வளவு விலகுகிறது என்று குறித்துக்கொண்டு, விலகியதைத் திருத்தி, பச்சை ஸ்டிக்கர் ஒட்டி அனுப்புவார். முப்பது வருடம் இதே வேலை. வீட்டுக்கு வந்தும் அதையேதான் செய்தார். சுவர்க்கடிகாரம் வானொலிச் செய்தியின் மணியோடு ஒத்துப்போக வேண்டும். எனக்குக் காய்ச்சல் என்றால் ஒரு தெர்மாமீட்டரை நம்பமாட்டார், எதிர் குவார்ட்டர்ஸிலிருந்து இன்னொன்று வாங்கி வைத்துப் பார்ப்பார். நானும் அண்ணனும் அந்த வீட்டில்தான் வளர்ந்தோம். எதையும் எதனோடாவது ஒத்துப் பார்க்காமல் சரி என்று சொல்ல எங்களுக்குத் தெரியாது.

1992இல் அண்ணன் செங்கல்பட்டில் எலக்ட்ரானிக்ஸ் டிப்ளமோ சேர்ந்தான். வகுப்பில் அவன் பக்கத்தில் உட்கார்ந்தவன் தாவீது. ரயில்வே காலனிப் பையன், சர்ச்சில் பாடகர் குழுவுக்குக் கிடார் வாசிப்பவன். சர்ச்சுக்குப் புதுக் கிடார் வந்தபோது, பழைய கறுப்பு எலக்ட்ரிக் கிடாரைத் தாவீது சாக்குப் பையில் சுற்றி எங்கள் வீட்டுக்குக் கொண்டுவந்தான்.

"ஒரு திருகாணி இல்ல மச்சான். ஒரு கம்பி அந்துகினு கீது. மத்தபடி ஜோரா கீது."

"மத்தபடின்னா என்னடா மிச்சம் இருக்குது?" என்றான் அண்ணன்.

"கட்ட கீது இல்ல? அப்பறம் இன்னா?"

எலக்ட்ரிக் கிடார் தனியாகச் சத்தம் போடாது. ஆம்ப்ளிஃபயர் வேண்டும். திருக்கழுக்குன்றத்தில் திருவிழாவுக்கும் கல்யாணத்துக்கும் மைக்செட் கட்டும் முனிசாமியிடம் ஓரமாகக் கிடந்த பழைய பெட்டி ஒன்றை அண்ணன் கேட்டு வாங்கி வந்தான். அதன் சத்தத்தை முழுக்க ஏற்றி வைத்தால் ஒலி கிழிந்து, மணல் கொட்டுவதுபோல வரும். அண்ணனுக்கு வேண்டியது அந்தக் கிழிசல்தான். ஒரு நாள் முனிசாமி பெட்டி எப்படி இருக்கிறதென்று பார்க்க வந்தவர் வாசலிலேயே நின்றுவிட்டார்.

"இன்னாபா, என் பொட்டிய கொளுத்திட்டியா?"

"இல்லண்ணே, இப்படித்தான் வேணும்."

"கோயில்ல இந்தச் சத்தம் வந்தா என்ன கட்டி வெச்சி அடிப்பானுங்க. நீ இன்னாடான்னா இதுக்குன்னே ஏத்தி வெச்சிகினு கீற!" என்று தலையில் அடித்துக்கொண்டு போனார்.

அந்த வருடக் கடைசியில் செங்கல்பட்டு ஸ்டேஷன் ரோடு ரெக்கார்டிங் கடையில் பட்டியல் எழுதிக் கொடுத்து ஓர் அறுபது நிமிடக் கேசட் பதிந்து வந்தான். எல்லாம் ஆங்கில ராக் பாட்டுகள். அதில் ஒரு பாட்டு ஏழு நிமிடம். நாலாவது நிமிடத்தில் பாடகன் நிறுத்திவிடுவான். அவனால் சொல்ல முடியாததைச் சொல்வதுபோலக் கிடார் மட்டும் நாற்பத்தைந்து நொடி தனியாகப் போகும். சோலோ என்பார்கள். அதைக் கற்றுக்கொள்ள வேண்டும் என்பது அவன் தீர்மானம். சொல்லித்தர ஆள் இல்லை. தாவீதுக்குத் தெரிந்தது ஞானப்பாட்டுக்குத் தாளம் அடிப்பதுதான். ஆகவே டேப்தான் வாத்தியார்.

இரண்டு கையும் கிடாரில் இருந்தால் டேப்ரெக்கார்டர் பொத்தானை யார் அழுத்துவது? நான்தான். அப்போது பத்தாவது படித்துக்கொண்டிருந்தேன். தரையில் புத்தகத்தை விரித்து வைத்துக்கொண்டு, இடது கையைப் பொத்தானில் வைத்திருப்பேன். மூன்று நொடி கேட்பான். "திருப்பி" என்பான். ரீவைண்டை அழுத்தி மனதுக்குள் 'ஒன்று, இரண்டு' எண்ணி விட்டால் சரியாக அதே இடத்தில் விழும். அந்தக் கணக்கு எனக்கு அத்துப்படி. ஒரு மாலையில் எண்பது தடவை, நூறு தடவை.

முதல் வாரத்திலேயே ஒரு நாள் நாடா இயந்திரத்தில் சிக்கிக்கொண்டது. அண்ணன் கடைக்குப் போயிருந்தான். அவன் வருவதற்குள் எடுத்துவிட வேண்டும் என்ற பயத்தில், நிதானமாக விடுவிக்காமல் பிடித்து இழுத்தேன். ஒரு சாண் நீளம் ரிப்பன்போலச் சுருண்டு வந்தது. பேனாவைப் பல்சக்கரத்தில் விட்டுச் சுற்றி உள்ளே அனுப்பிவிட்டு, ஒன்றும் நடக்காததுபோல உட்கார்ந்தேன்.

அன்று மாலை சோலோ முழுவதையும் ஓடவிட்டான். கடைசிக்குக் கொஞ்சம் முன்னால் நீளமான உச்சச் சுரம் ஒன்று வரும். அது வந்தபோது நடுவில் லேசாகச் சரிந்து, தடுமாறி, திரும்ப மேலே ஏறியது. அண்ணன் கையை உயர்த்தினான்.

"திருப்பி."

திருப்பினேன். மறுபடி சரிந்து ஏறியது.

"பார்த்தியா பிரியா, நேத்து இது என் காதுல விழவே இல்ல. எத்தன தடவ கேட்டாலும் புதுசா ஒண்ணு கெடைக்குது."

நான் சரித்திரப் புத்தகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். சொல்லியிருந்தால் ஒரு குட்டு விழுந்திருக்கும், அவ்வளவுதான். சொல்லவில்லை.

அந்த ஒரு சுரத்துக்கு மட்டும் ஏழு மாதம் ஆயிற்று அவனுக்கு. கம்பியை விரலால் மேல்நோக்கித் தள்ளினால் சுரம் உயரும். அவன் அதைத் 'தள்ளு' என்பான். தள்ளியபடி பிடித்து நிறுத்துவதே கடினம். இவனுக்கோ தள்ளிய இடத்திலிருந்து மயிரிழை இறங்கி, விழுந்துவிடுமோ என்னும்போது திரும்பத் தாங்கிப் பிடிக்க வேண்டும். மோதிர விரல் நுனித் தோல் உரிந்து, காய்த்து, மறுபடி உரிந்தது. சாம்பார் சாதத்தைக் கரண்டியால் சாப்பிட்டான். விரல் நடுங்கினால் சுரம் அழுகிற மாதிரி இல்லாமல் ஆடு கத்துகிற மாதிரி வரும். அதற்கும் நான்தான் தீர்ப்பு.

"இப்ப?"

"ஆடு."

"இப்ப?"

"ஆட்டுக்குட்டி."

ஆகஸ்டு மாதம் ஒரு ஞாயிறு அது வந்தது. அடுப்படியில் இருந்த அம்மா, கையில் கரண்டியோடு வந்து கதவோரம் நின்றாள். பிரபாவதி என்ற என் அம்மாவுக்குச் சினிமாப் பாட்டிலேயே பெரிய ஈடுபாடு கிடையாது.

"ஏன்டா அது அப்படி அழுவுது?" என்றாள்.

அண்ணன் என்னைப் பார்த்துச் சிரித்தான். இத்தனை வருடத்தில் அவன் அப்படிச் சிரித்து நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான்.

டிப்ளமோ முடிந்தது. அண்ணன் வேலை தேடுவதாகச் சொல்லிக்கொண்டு மாமல்லபுரம் போய்வர ஆரம்பித்தான். ஒத்தவாடைத் தெரு முனையில் உலகநாதன் வெள்ளைக்காரர்களுக்காக ஓலைக் கூரை போட்டு ஒரு கடற்கரை ஓட்டல் நடத்தினார். சீசன் மாதங்களில் சனிக்கிழமை சாயங்காலம் அண்ணனும், பேஸ் கிடாரில் தாவீதும், டிரம்ஸுக்கு ஒரு ஆளும் அங்கே வாசித்தார்கள். பகலெல்லாம் அந்த ஊரில் உளிச் சத்தம். அது ஓய்ந்ததும் இவர்கள் தொடங்குவார்கள். முனிசாமியின் பெட்டிதான் அங்கேயும்.

அப்பா மூன்று வருடம் பொறுத்தார். 1998 டிசம்பரில், வளாகத்துக்குள் கான்ட்ராக்ட் எடுத்திருந்த ஒரு கம்பெனியில் இவனுக்கு இடம் சொல்லி வைத்துவிட்டு வந்து, "பிப்ரவரி ஒண்ணாந்தேதி சேரணும். அதுக்குள்ள உன் பாட்டுல ஏதாவது ஒரு வழி தெரிஞ்சா சொல்லு, நான் குறுக்க நிக்கல" என்றார். அப்பா சொன்னால் சொன்னதுதான். குறுக்கே நிற்கவும் மாட்டார், ஒரு நாள் கூடத் தரவும் மாட்டார்.

பொங்கல் லீவில் சென்னை விடுதியிலிருந்து நான் வந்திருந்தேன். இயற்பியல் எம்.எஸ்சி. முதல் வருடம். சனிக்கிழமை அண்ணனோடு மாமல்லபுரம் போனேன். அன்று அந்தப் பாட்டை வாசித்தான். உச்சச் சுரம் சரிந்தபோது பக்கத்து மேசையில் ஒரு வெள்ளைக்காரி வீடியோ கேமராவைத் தூக்கிப் பிடித்துக்கொண்டிருந்தவள், அதைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டாள். உலகநாதன் என் பக்கத்தில் வந்து முணுமுணுத்தார்.

"உங்க அண்ணாத்த இத வாசிச்சா ஒரே பேஜாரும்மா. துன்றத வுட்டுட்டு வாயப் பொளந்துகினு உக்காந்துகிறானுங்க. மீனு ஆறிப் போவுது, திருப்பி சுட்டுக் குடுன்றானுங்க."

முடிந்ததும் ஒருவர் எழுந்து வந்தார். மனைவியோடு ஊர் சுற்ற வந்த சென்னைக்காரர், ராஜேந்திரன் என்று பெயர். சொந்தமாகப் பாட்டுப் போடும் ராக் குழு வைத்திருந்தார். அவர்களுடைய கிடார்காரன் மேல்படிப்புக்கு அமெரிக்கா போய்விட்டான். மார்ச்சில் பெங்களூரில் ஆல்பம் பதிவு, ஜூனில் துபாயில் ஒரு ஓட்டலில் ஆறு மாத ஒப்பந்தம். ஆள் இல்லை.

"எங்க கத்துக்கிட்டீங்க?" என்றார்.

"டேப்ல சார்."

"அடுத்த ஞாயித்துக்கிழமை மெட்ராஸ் வாங்க. எங்க பசங்க மூணு பேரும் ஒரு தடவ கேக்கணும். வேற ஒண்ணும் தயார் பண்ணாதீங்க. இதே பாட்டு, இதே மாதிரி."

வீடு வரும் வழியெல்லாம் தாவீதுதான் பேசிக்கொண்டு வந்தான். "மச்சான், துபாய்ல ஒட்டகம் மேல உக்காந்து வாசிக்கச் சொன்னா வாசிப்பியா?"

மறுநாள் நான் செய்ததைத்தான் இப்போது சொல்ல வேண்டும்.

விடுதியில் என் அறைத்தோழி ஹம்சினியிடம் அந்தப் பாட்டின் சி.டி. இருந்தது. மூன்று மாதத்துக்கு முன்பே கேட்டிருந்தேன். உச்சச் சுரம் அதில் நேராக இருந்தது. ஆணி அடித்ததுபோல அசையாமல் நின்றது. நான் இழுத்த நாடா எனக்கு உடனே ஞாபகம் வந்தது. அண்ணனுக்குச் சொல்வதா என்று யோசித்து விட்டுவிட்டேன். ஆனால் சென்னையில் மூன்று பேர் உட்கார்ந்து கேட்கப் போகிறார்கள். அவர்களெல்லாம் அசலைக் கேட்டவர்கள். என் அண்ணன் தப்பாக வாசிக்கிறான் என்று சிரித்துவிடுவார்கள். இப்படித்தான் நினைத்தேன். இன்னொன்றும் இருந்தது, அதையும் சொல்லிவிடுகிறேன்: அது ஏன் அப்படி ஆனது என்று எனக்குத் தெரியும், அதைச் சொல்லிக்காட்டும் ஆசை. லீவுக்குக் கேட்பதற்காக ஹம்சினியின் சி.டி.யையும் கையடக்கப் பிளேயரையும் வாங்கி வந்திருந்தேன்.

போட்டுக் காட்டினேன். இரண்டு தடவை கேட்டான். பிறகு நான் ஒரு தாளில் படம் போட்டேன். நாடா நீண்டால் ஒரே நொடியில் குறைவான ஒலிதான் டேப்ரெக்கார்டரின் படிக்கும் தலையைக் கடக்கும், சுரம் இறங்கும், நீளாத பகுதி வந்ததும் பழையபடி ஏறும். அம்புக்குறியெல்லாம் போட்டேன். கடைசியில், "நான்தான் இழுத்தேன்" என்றேன்.

அண்ணன் தாளையே பார்த்துக்கொண்டிருந்தான். கோபப்பட்டிருக்கலாம், படவில்லை.

"ஆறு வருஷமா உன் தப்பத்தான் வாசிச்சிகினு இருந்தனா?" என்று சிரித்தான். அப்புறம், "எவ்ளோ விலகுது?" என்றான்.

"கால் சுரம் இருக்கும்."

நாளிதழ் படித்துக்கொண்டிருந்த அப்பா நிமிர்ந்தார். அண்ணனின் கிடார் விஷயத்தில் அவர் ஆர்வம் காட்டியது அன்றுதான். இரண்டையும் கொண்டுவரச் சொன்னார். சி.டி. பிளேயரின் இயர்ஃபோனை ஒரு காதில் வைத்துக்கொண்டு டேப்பை ஓடவிட்டுக் கேட்டார். முகத்தில் ஒரு நிறைவு.

"நல்ல வேளை, இப்பவாவது தெரிஞ்சுது. ஒரு வாரம் இருக்கில்ல, திருத்திடு."

"ராஜேந்திரன் சார் இதே மாதிரி வாசிக்கச் சொன்னாரு."

"அவருக்குத் தெரியாம சொல்லியிருப்பாரு. தெரிஞ்சும் தப்ப எடுத்துகினு போவியா?"

எங்கள் வீட்டில் இதற்கு எதிர்ப்பேச்சு இல்லை. அண்ணனுக்கும் தோன்றவில்லை, எனக்கும் தோன்றவில்லை. விலகியிருந்தால் திருத்துவது, அவ்வளவுதான்.

திங்கட்கிழமை நான் சி.டி.யைத் திருப்பிக் கொண்டுபோக வேண்டும். பயிற்சிக்கு அவனிடம் அசல் இருக்க வேண்டுமே. வீட்டில் வேறு வெற்றுக் கேசட் இல்லை. "இதுலயே பதிஞ்சிடு" என்று அந்தப் பழைய கேசட்டை எடுத்துக் கொடுத்தான். சி.டி. பிளேயரிலிருந்து டேப்ரெக்கார்டருக்கு ஒயர் கோத்துக் கொடுத்தான். ரெக்கார்ட் பொத்தானை நான்தான் அழுத்தினேன். நீண்டுபோன நாடாவிலும் புதிதாகப் பதிந்தால் சுரம் நேராகத்தான் வரும். நேராகவே வந்தது.

ஒரு வாரம் ராத்திரி பகலாக விரலுக்கு அந்தச் சரிவை மறக்கக் கற்றுக்கொடுத்தான். ஏழு மாதத்தில் வந்தது ஆறு நாளில் போய்விட்டது. அம்மா போனில் சொன்னாள், "இப்பல்லாம் அழுவுறதில்லடி, நல்லா வாசிக்கிறான்."

ஞாயிற்றுக்கிழமை வடபழனியில் ஒரு வீட்டு மேல்மாடி. அண்ணன் தாவீதோடு வந்திருந்தான், நானும் விடுதியிலிருந்து நேராக அங்கே போனேன். சத்தம் எதிரொலிக்காமல் இருக்கச் சுவரெல்லாம் முட்டை அட்டை ஒட்டியிருந்தது. ராஜேந்திரன் தவிர மூன்று பேர். அண்ணன் அப்பாவின் வெள்ளைச் சட்டையைப் போட்டுக்கொண்டு, இன்டர்வியூவுக்கு வந்தவன்போல நின்றான். அவர்கள் நல்ல ஆம்ப்ளிஃபயர் கொடுத்தார்கள்.

வாசித்தான். ஒரு பிசிறு இல்லை. உச்சச் சுரம் போய் நின்ற இடத்தில் அசையாமல் நின்றது. சி.டி.யைப் போட்டதுபோல இருந்தது. நான் தாவீதைப் பார்த்துத் தலையசைத்தேன். அவன் தலையசைக்கவில்லை.

ராஜேந்திரன் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டார். "சுத்தமா இருக்கு ஹரி. அன்னிக்கு வாசிச்சீங்களே, அத வாசிங்க."

"இதுதான் சார்."

"இல்ல. அந்தப் பெரிய நோட்ல ஒண்ணு பண்ணீங்களே. விழுந்து எழுந்துக்கற மாதிரி."

"அது தப்பு சார். டேப் நீண்டுபோயிருந்துச்சு. எனக்குத் தெரியாம அத அப்படியே கத்துகினேன். இப்பத் திருத்திட்டேன்."

டிரம்ஸுக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தவன் வாய்விட்டுச் சிரித்தான். ராஜேந்திரன் சிரிக்கவில்லை.

"தப்போ ரைட்டோ, எங்க ஆளுங்களுக்கு அதத்தான் காட்டணும்னு கூப்ட்டேன். ஒரு தடவ."

அண்ணன் மறுபடி ஆரம்பித்தான். உச்சத்துக்குப் போனான். விரலை இறக்கினான். அது இறங்கியது, ஏறியது. ஆனால் வேண்டுமென்றே தடுக்கி விழுந்து காட்டுகிறவனைப்போல இருந்தது. அவனுக்கே தெரிந்தது. நிறுத்திவிட்டு மறுபடி முயன்றான். மூன்றாவது தடவை விரல் நேராகவே நின்றுவிட்டது. வெள்ளைச் சட்டை முதுகில் ஒட்டிக்கொண்டிருந்தது.

"வரல சார்" என்றான்.

"சி.டி. மாதிரி வாசிக்க மெட்ராஸ்லயே நாப்பது பேர் இருக்காங்க பாஸ்" என்றான் டிரம்ஸ்காரன், ராஜேந்திரனிடம். மெதுவாகத்தான் சொன்னான். முட்டை அட்டை ஒட்டிய அறையில் எல்லாமே தெளிவாகக் கேட்கும்.

கீழே வந்து பஸ் ஸ்டாப்பில் நின்றபோது தாவீது வெடித்தான்.

"உன் வாயில இன்னா கொழுக்கட்டயா? டேப்பு நீண்டுச்சுன்னு அவன் கேட்டானா? நீயா ஏன்டா சொன்ன?"

"பொய் சொல்ல சொல்றியா?"

"பொய்யா? டேய், அந்த டேப்ப ஊர்ல எவன் கைல குடுத்தாலும் 'டேப்பு கெட்டுப்போச்சு'ன்னு தூக்கிப் போட்டிருப்பான். நீ ஒருத்தன்தான்டா அத வாசிச்ச. அப்ப அது யாரு பாட்டு?"

அண்ணன் பஸ் வருகிறதா என்று பார்த்தான். நானும் அங்கேதான் நின்றேன். தாவீது சொன்னது அந்த நிமிடமே எனக்குப் புரிந்தது. புரிந்து என்ன செய்ய?

பிப்ரவரி ஒன்றாம் தேதி அண்ணன் கான்ட்ராக்ட் கம்பெனியில் சேர்ந்தான். காலை ஏழரைக்கு அப்பாவும் அவனும் ஒரே பஸ்ஸில் போனார்கள். அப்பாவுக்கு அதில் சந்தோஷம், அண்ணனுக்கு அதில் குறை ஒன்றும் இருந்ததாகத் தெரியவில்லை. மாமல்லபுரத்துக்குச் சில சனிக்கிழமைகள் போனான், பிறகு நிறுத்தினான். 'நல்லாத்தான் வாசிக்கிறாரு, மீனும் இப்ப ஆறறதில்ல' என்றாராம் உலகநாதன். ராஜேந்திரனின் குழு வேறு யாரையோ சேர்த்துக்கொண்டு துபாய் போனது. ஆல்பம் வந்ததா என்று தெரியாது. நாங்கள் யாரும் விசாரிக்கவில்லை.

2003இல் கேளம்பாக்கத்தில் அடுக்குமாடிகள் முளைத்தன. ஐ.டி. கம்பெனிகளில் வேலை செய்யும் இளைஞர்கள் சாயங்காலங்களில் கிடார் கற்றுக்கொள்ள ஆசைப்பட்டார்கள். அண்ணன் கான்ட்ராக்ட் வேலையை விட்டுவிட்டு ஒரு கடைக்கு மேலே அறை எடுத்துச் சொல்லிக்கொடுக்க ஆரம்பித்தான். நல்ல ஆசிரியன் என்று பெயர் வாங்கினான். அசலை ஒரு பக்கம் ஓடவிட்டு, மாணவனை இன்னொரு பக்கம் வாசிக்க வைத்து, இரண்டும் ஒன்றாகும்வரை விடமாட்டான். "நெட்ல கேட்டுட்டு மனசுக்கு வந்தபடி வாசிக்காதீங்க" என்று அவன் யாரையோ கண்டிப்பதைப் படிக்கட்டில் நின்று கேட்டிருக்கிறேன். குரல் அப்படியே அப்பாவின் குரல்.

ஒரு முறை, அவன் தனியாக இருந்தபோது கேட்டேன். "அண்ணா, அந்தச் சோலோவப் பழைய மாதிரி ஒரு தடவ வாசியேன்."

"எந்தப் பழைய மாதிரி?" என்றான். சீண்டவில்லை, மறைக்கவும் இல்லை. யோசித்துப் பார்த்துவிட்டு, "ஓ, அந்த டேப்பா!" என்று சொல்லி, கம்பி மாற்றிக்கொண்டிருந்த வேலையைத் தொடர்ந்தான்.

'பிரைவேட்' மாப்பிள்ளைக்கு வந்த இரண்டு வரன்களும் தட்டிப்போயின. 2008 ஜூலையில் மஞ்சள்காமாலை. கவனிக்காமல் வகுப்புக்குப் போய்க்கொண்டிருந்தான். செங்கல்பட்டு ஆஸ்பத்திரியில் பதினோரு நாள். கடைசி இரண்டு நாள் நினைவில்லை.

பதினாறாம் நாள் காரியத்துக்கு, ஓய்வுக்குப் பிறகு அப்பா திருக்கழுக்குன்றத்தில் கட்டிய வீட்டுக்கு, அண்ணனின் மாணவர்கள் ஏழு பேர் வந்தார்கள். சாருலதா என்ற பெண், மென்பொருள் கம்பெனியில் வேலை, சின்ன ஆம்ப்ளிஃபயரும் கிடாரும் கொண்டுவந்திருந்தாள். "சார் எனக்கு முழுசா கத்துக்குடுத்தது இது ஒண்ணுதான். வாசிக்கட்டுமா?" என்று அப்பாவிடம் அனுமதி கேட்டாள். படத்துக்கு முன்னால் உட்கார்ந்து அந்தச் சோலோவை வாசித்தாள்.

நாற்பத்தைந்து நொடி. ஒரு குறை இல்லை. உச்சச் சுரம் நேராகப் போய் நேராக நின்றது. அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு, "அவன் வாசிக்கற மாதிரியே கீதும்மா" என்றாள். அப்பா எழுந்து வந்து அந்தப் பெண்ணின் தலையில் கை வைத்து, "சரியா வாசிச்சம்மா" என்றார். அவர் கண்கள் நனைந்திருந்தன.

சாப்பாட்டுப் பந்தி நடந்துகொண்டிருந்தபோது நானும் தாவீதும் பின்பக்கம் குழாயடியில் நின்றோம். அவன் தலையில் பாதி நரைத்திருந்தது.

"அத எங்கனா பதிஞ்சி வெச்சிகீறியா பிரியா? பழச?"

"இல்ல."

"வெள்ளக்காரி ஒருத்தி எடுத்தாளே."

"அந்த இடம் வந்தப்ப கேமராவ கீழ வெச்சிட்டா."

அவன் சுற்றும் முற்றும் பார்த்துவிட்டு, தணிந்த குரலில் முனகிக் காட்டினான். மேலே போய், சற்று நின்று, இறங்கி, ஏறியது.

"இப்பிடித்தான?"

"இல்ல தாவீது. நிக்காது. போன உடனே சரியும்."

"இன்னா நீ, நான் பக்கத்துல நின்னு பேஸ் அடிச்சவன். நின்னுதான் எறங்கும்."

"நான் பொத்தான் அழுத்தினவ."

"அப்ப பாடிக் காட்டு."

வாயைத் திறந்தேன். மனதுக்குள் 'ஒன்று, இரண்டு' என்று எண்ணிக்கொண்டு ஆரம்பித்தேன். உச்சத்துக்குப் போனதும் என் குரல் நேராக நின்றது. மறுபடி ஆரம்பித்தேன். ஒன்பது வருடமாக அவன் வாசித்தும் அவனுடைய மாணவர்கள் வாசித்தும் நான் கேட்டது அந்த நேரான சுரம்தான். அதைத் தவிர வேறெதுவும் வரவில்லை. தாவீது இன்னொரு தடவை முனகினான். இந்த முறை அவனுடையதும் முன்புபோல இல்லை. முன்னால் பாடியது எப்படி என்று அவனுக்கே சந்தேகம் வந்துவிட்டது.

"நீ சொன்ன மாதிரிதான் போல" என்றான்.

"இல்ல, நீ சொன்னதுதான்" என்றேன் நான்.

உள்ளேயிருந்து அப்பா அடுத்த பந்திக்குக் கூப்பிட்டார். போய் உட்கார்ந்து சாப்பிட்டோம்.